அண்டாவில் எழுதிய வாக்கியம்

என் இரண்டாவது நாவலின் நாயகி வருடக்கணக்காகச் செஞ்சி பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டிருந்தாள். புருஷனோடு சண்டை போட்டுவிட்டு, விடியற்காலையில் ஒரு பையோடு வீட்டை விட்டுக் கிளம்பியவள். அதுவரை மளமளவென்றுதான் எழுதிக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து நிறுத்தியதும் கை நின்றுவிட்டது. எந்த பஸ்ஸில் ஏற்றுவது? திருவண்ணாமலை பஸ்ஸில் ஏற்றினால் சாமியாரிணி ஆகப் போகிறாள் என்று நினைப்பார்கள். சென்னைக்கு அனுப்பலாமென்றால், வீட்டை விட்டுக் கிளம்பும் எல்லாரும் எல்லாக் கதையிலும் அங்கேதான் போகிறார்கள். திண்டிவனத்தில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? இப்படியே யோசித்து யோசித்து, வந்த பஸ்ஸையெல்லாம் அனுப்பிவிட்டேன்.

இதை என்னோடு வைத்துக்கொண்டிருந்தால் வம்பில்லை. ஒருநாள் சோறு போடும்போது வீட்டுக்காரரிடம் வாயை விட்டுவிட்டேன். அவர் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என் நாயகி எங்கள் குடும்பத்தில் ஒருத்தி ஆகிவிட்டாள்.

"அந்தப் பொண்ணு பஸ் ஏறிட்டாளா?" என்று காலைக் காப்பியைக் கையில் வாங்கும்போதே மாமியார் கேட்பார்.

"இன்னும் இல்ல அத்தே."

"பாவம்மா, காலு கடுக்காதா? ஒரு பெஞ்சுலயாவது ஒக்கார வையேன்."

உட்கார வைத்தேன். அந்த பெஞ்சை வர்ணிக்க ஒரு வாரம் ஆனது. பிறகு அந்தப் பக்கத்தை அழித்துவிட்டு அவளை மறுபடியும் நிற்க வைத்தேன்.

எங்களுக்கு பஜாரில் எவர்சில்வர் பாத்திரக் கடை, வீடு பின்தெருவில். கீழே கடை, மேலே ஓர் அறை. அது சரக்கு வைக்கிற அறைதான். என் முதல் புத்தகம் வந்தபோது வீட்டுக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், குக்கர் வாங்க வந்தவர்களிடம்கூட, அதை எடுத்துக் காட்டினார். அந்தச் சூட்டோடு சரக்கையெல்லாம் கீழே இறக்கி, அறைக்கு வெள்ளையடித்து, ஒரு மேசையும் நாற்காலியும் ஃபேனும் போட்டு, "இனிமே இது உன் ரூமு. யாரும் வரமாட்டாங்க. நீ எழுது" என்றார். ஜன்னலைத் திறந்தால் எதிரே ராஜகிரிக் கோட்டை மலை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும் என்றார்கள். நானும் அதையேதான் என்னைக் கேட்டுக்கொண்டேன். எல்லாம் இருந்தது, எழுத்து மட்டும் வரவில்லை.

வராததற்குக் காரணம் எனக்குத் தெரியும். முதல் புத்தகத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. அதனால் எனக்குப் பயமும் இல்லை. சமையலுக்கும் கடைக்கும் நடுவில் எப்படியோ எழுதி முடித்துவிட்டேன். அது வந்ததும் நாலு பேர் நன்றாக இருக்கிறது என்றார்கள். அதுதான் வினையாகிப் போயிற்று. இரண்டாவதற்கு உட்கார்ந்தால் அந்த நாலு பேரும் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். ஒரு வாக்கியம் எழுதினால் ஒருவர் உதட்டைப் பிதுக்குவார். உடனே அழித்துவிடுவேன். லேப்டாப்பில் அழிப்பது எவ்வளவு சுலபம்! ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும், காலையிலிருந்து எழுதியது காணாமல் போய்விடும். மாலையில் கீழே இறங்கி வரும்போது திரை, வெள்ளையடித்த சுவரைப்போலப் பளிச்சென்று இருக்கும்.

எழுதாமல் இருக்க மனசு கண்டுபிடிக்கிற வேலைகளைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். மேசையில் உட்கார்ந்ததும் ஃபேனில் தூசி தெரியும். ஃபேனைத் துடைத்தால் ஜன்னல் கம்பி தெரியும். கம்பியைத் துடைக்கும்போது, துவரம்பருப்பை வெயிலில் காயப்போட வேண்டும் என்று ஞாபகம் வரும். வீட்டுக்கு ஓடிப்போய் மொட்டைமாடியில் பருப்பைப் பரப்பிவிட்டுத் திரும்பினால் சமைக்க நேரமாகிவிடும். அந்த வருடங்களில் எங்கள் வீடு இருந்த சுத்தத்துக்கு எந்தப் பண்டிகையிலும் இருந்ததில்லை. அத்தைக்கே சந்தேகம் வந்துவிட்டது. "இவ எழுதறாளா, ஊட்டக் கழுவறாளா?" என்று மகனிடம் கேட்டது என் காதில் விழுந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னால் யாருக்குத்தான் வராது?

இதற்கிடையில் பாத்திரங்கள் மெல்ல மெல்ல மாடிப்படி ஏறத் தொடங்கின. முதலில் டம்ளர் வைத்த அட்டைப்பெட்டி ஒன்று கதவோரம் வந்து உட்கார்ந்தது. "ரெண்டு நாளு இருக்கட்டும்" என்றார் வீட்டுக்காரர். பிறகு அதன் தலையில் ஒரு தட்டுப் பெட்டி. பிறகு இட்லிக் குண்டான்கள். நான் கண்டும் காணாமல் இருந்தேன். எழுதுகிற பக்கங்கள் ஏறியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். எந்த முகத்தோடு போடுவது?

மார்கழி கடைசியில் அவரே பேச்சை எடுத்தார். தை பிறந்தால் முகூர்த்தங்கள் வந்துவிடும். சீர்ப் பாத்திரம் வாங்க சுற்றுவட்டாரத்து ஜனமெல்லாம் வரும். அண்டா, குடம், தவலை என்று லாரியில் சரக்கு வந்து இறங்கும். வைக்க இடமில்லை.

"நீ எழுதறதா இருந்தா சொல்லு, நான் வேற எடம் பாத்துக்கறன்" என்றார். "எழுதலன்னாலும் சொல்லிடு. எனக்கு ஒண்ணும் இல்ல."

கடைசி மூன்று சொற்களில்தான் எனக்கு அழுகை வந்தது. அவருக்கு ஒன்றுமில்லை, எனக்கு இருந்தது. அந்த அறையை விட்டுக் கொடுத்தால், ஒரே ஒரு புத்தகம் எழுதி ஓய்ந்துபோனவள் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி. தை அமாவாசை வரைக்கும் பொறுங்கள், அதற்குள் அவள் பஸ் ஏறாவிட்டால் அறையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வீராப்பாகச் சொன்னேன். சொல்லிவிட்டு மேலே போய் ஃபேனைத் துடைத்தேன்.

தை அமாவாசையும் வந்தது. அவள் அதே இடத்தில் நின்றாள்.

அமாவாசையன்று எங்கள் ஊரில் யாரும் அமைதியாக உட்கார முடியாது. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்கள் காலையிலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். போகிறவர்களும் வருகிறவர்களும் பஜாருக்குள் ஒரு சுற்று வந்துவிட்டுத்தான் போவார்கள். நல்ல நாள் என்று சீர்ச் சாமான் வாங்க வருகிறவர்கள் வேறு. அன்றைக்குப் பார்த்து, கடையில் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிறவர் கண் ஆபரேஷன் என்று லீவு போட்டிருந்தார். பேர் வெட்டாத பாத்திரத்தைச் சீர் வரிசையில் வைக்க எங்கள் பக்கத்தில் யாரும் ஒப்பமாட்டார்கள். யார் கொடுத்தது என்று அண்டாவிலேயே இருக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கும்போது வருகிறவர்கள் குனிந்து படிப்பார்கள். பெரிய மாமா குடமா, சின்ன மாமா குடமா என்று அங்கேயே ஒப்பிட்டுவிடுவார்கள்.

"கொஞ்சம் கீழ வாயேன்" என்று படிக்கட்டடியிலிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "உன் கையெழுத்து நல்லா இருக்குமே. ரெண்டு பேரு வெட்டிக் குடு, பஸ்ஸுக்குப் போறாங்க."

பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு விட்டதுபோல ஓடி வந்தேன்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை, ஒரு ஸ்டூல். பேனா கனத்தில் ஒரு மிஷின். சுவிட்சைப் போட்டால் கிர்ரென்று அதிரும். அதன் முனையைப் பாத்திரத்தின் மேல் வைத்து எழுத வேண்டியதுதான். வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று. "நடுவுல நிறுத்தாத. நிறுத்துனா அங்க புள்ளி விழுந்துடும். கை வழுக்கிட்டாலும் ஓட்டிகினே போ, கடைசில ஒரு கொடியோ இலையோ போட்டு சரி பண்ணிக்கலாம்."

முதல் குடத்திலேயே கை வழுக்கியது. ஓர் எழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது. பழக்க தோஷத்தில் விரல் அழிக்கிற பொத்தானைத் தேடியது. எவர்சில்வரில் ஏது பொத்தான்? வாங்க வந்தவர் எதிரே நிற்கிறார், வெளியே பஸ் ஹாரன் அடிக்கிறது, மேற்கொண்டு எழுதுவதைத் தவிர வழியில்லை. எழுதி முடித்துச் சாய்ந்த எழுத்தில் ஓர் இலையைத் தொங்கவிட்டேன். "டிசைன் நல்லா கீது" என்று வாங்கிக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பாக வந்தது.

மத்தியானம், கூட்டம் நெரிகிற நேரத்தில், தொண்டூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். நல்ல உயரம், நிலத்தில் வேலை செய்து கறுத்த கை, ஊரையே கூப்பிடுகிற குரல். கடையிலேயே பெரிய அண்டாவைத் தட்டிப் பார்த்து எடுத்து என் முன்னால் வைத்தார். தம்பி மகளுக்குக் கல்யாணமாம், இவர் அத்தை முறை.

"இன்னா வெட்டணும்?" என்றேன், மிஷினைப் போட்டுக்கொண்டே.

"எழுதும்மா. அத்தைன்னு எழுது" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. "எம் புள்ள கல்யாணத்துக்கு அவுங்க வரலம்மா. பத்திரிகைய செல்போன்ல அனுப்பிச்சிட்டேனாம். நேர்ல வந்து தாம்பூலம் வெச்சி கூப்பிடலியாம். எனக்கு ஆள் ஏதும்மா? நானும் எம் புள்ளயும்தானே ஓடணும். தம்பி வர்றேன்னுதான் இருந்தான், அவன் பொண்டாட்டி உடல. பந்தியில எல்லாரும் கேக்கறாங்க, எங்க உன் தம்பின்னு. இன்னா சொல்லுவேன்? இப்ப அவுங்க ஊட்டுக் கல்யாணம். தாம்பூலம் எடுத்துகினு வந்து நிக்கறாங்க. அதுக்காக நான் போவாம இருந்துடுவனா? அந்தப் பொண்ண நான் தூக்கி வளத்தேம்மா..."

எனக்கு அவர் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. மிஷினின் அதிர்வு மணிக்கட்டு வழியாகத் தோள் வரைக்கும் ஏறிக்கொண்டிருந்தது. காது கேட்டுக்கொண்டே இருந்தது, கை போய்க்கொண்டே இருந்தது. முதுகுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. அண்டாவின் கழுத்தைச் சுற்றி பாதி தூரம் வந்து, கடைசியில் புள்ளி வைத்து, சுவிட்சை அணைத்தபோதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது.

"என் மகன் கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லை. உன் கல்யாணத்துக்கு நான் முதல் ஆளாக வருவேன். அத்தை."

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். கடையிலேயே பெரிய அண்டா அது. தேய்த்து அழித்தால் அந்த இடம் தழும்பு மாதிரி நிற்கும், யாரும் வாங்கமாட்டார்கள். என் காது இரண்டும் சுட்டது.

"தப்பு ஆயிடுச்சிம்மா" என்றேன். "நீங்க பேசினத கேட்டுகினே எழுதிட்டேன். வேற அண்டா எடுத்துக்குங்க."

"நான் கண்ணாடி கொண்டாரல. இன்னா எழுதியிருக்குது, படி" என்றார்.

படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஹாரன் சத்தத்தில் அவருக்கும் கேட்கவில்லை. "சத்தமா படிம்மா" என்றார். சத்தமாகப் படித்தேன். தட்டு பார்த்துக்கொண்டிருந்தவர்கள், குடத்தைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள், எல்லாரும் திரும்பிவிட்டார்கள். அந்த அம்மாள் அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு, "முதல் ஆளான்னு நான் சொல்லலியே" என்றார்.

"இல்லம்மா. அது... நானா போட்டுட்டேன்."

"நீயாவா போட்ட?" அவர் முகம் மெல்ல விரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "இருக்கட்டும்மா, அப்பிடியே இருக்கட்டும். வேற அண்டா இன்னாத்துக்கு? இத்த அவ மூஞ்சிக்கு நேரா சொல்ல எனக்குத் தெகிரியம் இல்ல. அண்டா சொல்லட்டும்."

அண்டாவைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவர் பஜாரில் இறங்கி நடந்தார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நான் வாசலுக்கு வந்து அவர் முனை திரும்பும் வரை பார்த்தேன். என் வாக்கியம் வெயிலில் மின்னிக்கொண்டு போனது. அதை இனி என்னால் திரும்ப வாங்க முடியாது, ஒரு சொல்லை மாற்ற முடியாது. பயமாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ குதிக்க வேண்டும்போல இருந்தது.

திரும்பி வந்தால் மேசையைச் சுற்றிக் கூட்டம். வெறும் பேர் வெட்ட வந்தவர்களுக்கெல்லாம் இப்போது வாக்கியம் வேண்டும். மகனைச் சென்னைக்கு வேலைக்கு அனுப்புகிற ஒருவர் டிபன் கேரியரை நீட்டி, "மிச்சம் வெக்காம சாப்டுடான்னு போடுங்க" என்றார். அவலூர்பேட்டையிலிருந்து வந்த அக்கா தங்கை இருவர், அம்மாவுக்கு வாங்கிய சொம்பில் என்ன எழுதுவது என்று அங்கேயே சண்டை பிடித்தார்கள். கடைசியில், "நாங்கள் சண்டை போடவில்லை அம்மா" என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு பெரியவர் மட்டும், "எனக்கு வெறும் பேரு போதும். நீ பாட்டுக்கு எதனா எழுதிடப் போற" என்று குடத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். எல்லாருக்கும் பஸ் பிடிக்கிற அவசரம். யோசிக்க நேரமில்லை. கேட்டேன், எழுதினேன், அடுத்தவர். சில வாக்கியங்கள் நன்றாக வந்தன. சில மொக்கையாக வந்தன. மொக்கையாக வந்ததையும் அதே சந்தோஷத்தோடு வாங்கிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் ஸ்டூலை விட்டு எழுந்தபோது விரல்கள் மரத்துப் போயிருந்தன. இவ்வளவு நாளில் மேலே தனியாக உட்கார்ந்து நான் எழுதாததை, இந்தச் சந்தைக்கடைச் சத்தத்தில் எழுதியிருந்தேன். எனக்கு அமைதி தேவைப்படவில்லை என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. எதிரே ஒருவர் வந்து நிற்க வேண்டும். அழிக்க வழியிருக்கக் கூடாது.

மறுநாள் கடை திறந்ததும், வீட்டுக்காரர் தண்ணீர் தெளித்து ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில், பேர் வெட்டுகிற மேசையில் வெள்ளைத் தாளும் பால்பாயிண்ட் பேனாவுமாக உட்கார்ந்தேன். அடித்தல் திருத்தல் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். எழுதினேன்: "வந்த பஸ்ஸில் ஏறினாள்."

அவ்வளவுதான். எந்த பஸ் என்று பார்க்காமல் ஏறினாள். உட்கார்ந்த பிறகுதான் கண்டக்டரிடம் இது எங்கே போகிறது என்று கேட்டாள். அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அவலூர்பேட்டை" என்றார். எனக்கு ஒப்பவே இல்லை. அவலூர்பேட்டையில் அவளுக்கு என்ன வேலை? அழிக்க வழியில்லாததால் அடுத்த வாக்கியம் எழுதினேன். அது முதல் வாக்கியத்தைக் கைபிடித்துக் கொஞ்ச தூரம் கூட்டிப் போனது. பக்கத்துச் சீட்டில் கோழிக்குஞ்சுக் கூடையோடு ஒரு கிழவர் வந்து உட்கார்ந்தார். அவர் வருவார் என்று எனக்குத் தெரியாது. அவர் வந்த பிறகு நாவல் நிற்கவே இல்லை.

"ஏறிட்டா!" என்று கத்தினேன்.

வீட்டுக்காரர் ஊதுவத்தியோடு திரும்பினார். "யாரு?"

"அவதாங்க. பஸ் ஏறிட்டா."

அவர் ஊதுவத்தியைச் சாமி படத்துக்கு ஒருமுறை காட்டிவிட்டு, என் பக்கமும் ஒரு சுற்று காட்டினார். வீட்டுக்கு போன் போட்டு அத்தையிடம் சொன்னார். "அப்பாடா! சீட்டு கெடச்சுதா?" என்று அத்தை கேட்டது எனக்கே கேட்டது.

அன்றைக்கே அண்டாக்களை மேலே ஏற்றச் சொல்லிவிட்டேன். அவர் தயங்கினார். "இன்னா, கோவமா?" என்றார். கோபமில்லை, எனக்குக் கீழே இருக்கும் மேசை போதும் என்றேன். நம்பாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சரக்கு ஏற ஏற, மேலே இருந்து டங் டங்கென்று சத்தம் வந்தது. நான் கீழே அடுத்த பக்கத்தில் இருந்தேன்.

அதன் பிறகு எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது என்று சொன்னால் அது கதை. பேர் வெட்டுகிறவர் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். மேசைக்கு நாங்கள் இருவரும் போட்டி போட்டோம். கடைசியில் காலையில் எனக்கு, மத்தியானம் அவருக்கு என்று ஏற்பாடு ஆனது. சில நாட்கள் எழுதியது வாயில் வைக்க முடியாத குழம்பு போல இருக்கும். வாடிக்கையாளர் யாராவது நின்றால், "இத கொஞ்சம் கேளுங்க" என்று படித்துக் காட்டிவிடுவேன். பெரும்பாலும், "குக்கருக்கு கேஸ்கட் இருக்குதா?" என்றுதான் பதில் வரும். ஒன்றிரண்டு பேர், "அப்புறம் இன்னா ஆச்சு?" என்று கேட்டுவிட்டு மேசையைப் பிடித்தபடி நின்றுவிடுவார்கள். அவர்களுக்காகவே மறுநாளும் எழுதினேன். ஆடி மாதம் கல்யாணம் இல்லை, கடை ஈயாடியது. அந்த மாதத்தில்தான் மடமடவென்று எழுதி முடித்தேன்.

முடித்தேனே தவிர, அனுப்பவில்லை. தாளில் இருந்ததை லேப்டாப்பில் ஏற்றினேன். அங்கே அந்தப் பொத்தான் எனக்காகக் காத்திருந்தது. ஒரு வரியை அழித்தேன், ஒரு பத்தியை அழித்தேன். அந்த நாலு பேரும் திரும்பி வந்து முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். பதிப்பாளர் போன் செய்தால், இன்னும் ஒருதடவை பார்த்துவிட்டு அனுப்புகிறேன் என்றேன். கோழிக்குஞ்சுக் கிழவரை எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே எனக்குப் போதுமான தொல்லையாக இருந்தது. இவ்வளவும் எழுதி, அனுப்பாமலே போய்விடுவேனோ என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் ஒருநாள் காலை ஒரு பெண் கடைக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும். பட்டும் இல்லாத, சாதாரணமும் இல்லாத, வெளியே கிளம்புகிறபோது கட்டுகிற சேலை. சாமான் எதையும் பார்க்கவில்லை. நேராகக் கல்லாவுக்கு வந்தாள்.

"எம் பொண்ணு கல்யாணத்துக்கு வந்த அண்டாவுல எழுதினது இந்தக் கடையிலதானே? யாரு எழுதினது?"

அந்தத் தொண்டூர் அம்மாளின் தம்பி பொண்டாட்டி! மண்டபத்தில் எல்லாரும் குனிந்து படித்திருப்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

"நாந்தாங்க எழுதினேன்" என்றார்.

இருபது வருடக் குடித்தனத்தில் அவர் எனக்குச் சொன்ன ஆசை வார்த்தைகளையெல்லாம் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது. நான் எழுந்து, "இல்லம்மா, அவரு இல்ல, நான்தான்" என்றேன்.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து மூடி போட்ட தூக்கு ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தாள்.

"அண்ணிக்குப் பலகாரம் கொண்டுபோறேன். இதுல பதில் எழுதணும்" என்றாள்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு அவளே சொன்னாள். மண்டபத்தில் அதைப் படித்தபோது மானம் போய்விட்டது என்று பூமிக்குள் புதைந்துவிடலாமா என்றிருந்ததாம். "ஆனா அதுக்கு முன்னாடியே அவுங்க வந்துட்டாங்க. விடிகாலைல மண்டபத்த தொறக்கறோம், வாசல்ல அண்டாவ வெச்சிகினு ஒக்காந்திருக்காங்க. சமையல்காரன்கூட வரல. ஏன் அண்ணி இவ்ளோ சீக்கிரம்னு கேட்டேன். முதல் ஆளா வர்றேன்னு எழுதிக் குடுத்துட்டேனே, வராம எப்பிடின்னாங்க." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நாள் பூரா அவுங்கதான் ஓடியாடி எல்லாம் செஞ்சாங்க. பந்தியில அவுங்க பக்கத்துலதான் ஒக்காந்து சாப்ட்டேன்."

நான் மிஷினைக் கையில் வைத்தபடி அப்படியே இருந்தேன். முதல் ஆளாக என்பதை அந்த அம்மாள் சொல்லவில்லை. கிர்ரென்ற அதிர்வில், யோசிக்காமல், நானாகப் போட்டது. மேலே அந்த அறையில் உட்கார்ந்து எழுதியிருந்தால் அழித்திருப்பேன். மிகை என்று நினைத்திருப்பேன். அந்தச் சொல்லுக்காக ஒருத்தி இருட்டோடு எழுந்து, அண்டாவைச் சுமந்துகொண்டு தொண்டூர்ப் பக்கத்திலிருந்து வந்து, பூட்டிய கதவின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். தூக்கை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"சொல்லுங்க, இன்னா எழுதட்டும்?" என்றேன்.

அவள் எதையெதையோ சொல்லத் தொடங்கி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கடைசியில், "அன்னிக்கு நான் வந்திருக்கணும் அண்ணி. அவ்ளோதான்" என்றாள்.

அவ்வளவைத்தான் எழுதினேன். ஒரு சொல்கூட நானாகச் சேர்க்கவில்லை. சேர்க்க ஒன்றும் இல்லை. அவள் தூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து விரலால் எழுத்தைத் தடவிக்கொண்டிருந்தபோது, நான் லேப்டாப்பைத் திறந்தேன். நாவலை மறுபடி படித்துப் பார்க்கவில்லை. கோழிக்குஞ்சுக் கிழவர் இருந்த இடத்திலேயே இருந்தார். பதிப்பாளரின் மின்னஞ்சலை எடுத்து, நாவலை இணைத்து, அனுப்பிவிட்டேன்.

"இன்னா பண்ற?" என்றார் வீட்டுக்காரர்.

"அனுப்பிட்டேங்க."

அவர் என்னைப் பார்த்தார். சட்டென்று அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மூடி டைட்டா இருக்குதான்னு பாத்துக்கம்மா" என்றார். குரல் கரகரத்துப் போயிருந்தது. "பஸ்ஸுல கொண்டுபோற. வழியில தொறந்துக்கப் போவுது."